திரும்பாத மங்கல்

முதலில் லென்ஸைத் திட்டினேன். அப்புறம் அதைக் கழற்றித் துடைத்து மாட்டிய என் மனைவியைத் திட்டினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்ததை எங்கேயாவது இறக்கி வைத்தால்தான் அடுத்த வேலை ஓடும். அந்த வாரம் நான் இறக்கி வைத்த இடமெல்லாம் தப்பான இடம்.

எங்கள் ஸ்டுடியோ முதல் மாடியில் இருக்கிறது. ஒரு கதவைத் தள்ளினால் வீடு. ஸ்டுடியோவின் நடுவில், மூன்று கால் மரத் தாங்கியில் பெரிய கேமரா. முன்பக்கம் ஒரு சதுரப் பலகையில் லென்ஸ், பின்பக்கம் சொரசொரப்பான ஒரு கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் கறுப்புத் துருத்தி. தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் எதிரில் இருப்பவர் தலைகீழாகத் தெரிவார். இடம் வலமும் மாறியிருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். எனக்குப் பழகிப்போய்விட்டது. சில வாடிக்கையாளர்களைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போவதற்கு, அவர்கள் நேராக நடந்து வருவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படம் எடுப்பது நான். லென்ஸ் சம்பந்தமான வேலை முழுக்க என் மனைவியுடையது. ஊசி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். கையும் ஊசி, வாயும் ஊசி. ஊரில் கேமரா வைத்திருக்கிற அத்தனை பேரும் லென்ஸில் ஒன்று என்றால் "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார்கள். நான் வாசலிலேயே நிற்பது அவர்கள் கண்ணில் படாது. தலைமுடி பருமன்கூட இல்லாத பித்தளை வளையத்தை இடுக்கியால் எடுத்து, அது உட்கார வேண்டிய இடத்தில் ஒரே தடவையில் உட்கார வைப்பாள். இரண்டாம் தடவை முயற்சி செய்து நான் பார்த்ததில்லை.

லென்ஸைச் சோதிப்பதற்கு மற்ற ஸ்டுடியோக்களில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். எங்களிடம் அதற்கென்று ஒரு ஸ்டாண்டு இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதன் கால் உடைந்தது. அன்று அவசர வேலை. "கொண்டாங்க, நான் புடிக்கிறேன்" என்று சொல்லி ஊசி நாற்காலியில் உட்கார்ந்து, பத்திரிகைத் தாள் ஒட்டிய அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். ஒரு செகண்ட் முழுக்க லென்ஸ் திறந்திருக்க வேண்டும். மூச்சு விட்டால்கூட எழுத்து கலங்கும். அன்றைக்கு வந்த படம் ஸ்டாண்டில் வைத்து எடுத்ததைவிடத் தெளிவாக இருந்தது. ஸ்டாண்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். அதிலிருந்து எங்கள் ஸ்டாண்டு அவள்தான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். படத்தைக் காட்டினால் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள்.

இதில் எங்களுக்குள் ஒரு வார்த்தை உண்டு. நான் துணிக்குள் தலையை விட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிற திருகைத் திருகித் திருகி எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். அவள் அந்தப் பக்கத்திலிருந்து உதடு அசையாமல் கேட்பாள்: "வந்துருச்சா?" எழுத்து கூராக வந்து நின்றதும் நான் சொல்வேன்: "வந்துருச்சு." அதற்கப்புறம்தான் அவள் மூச்சை அடக்குவாள். பத்தொன்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

அவளுடைய அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் கடைப் பலகைகளில் எழுத்து எழுதுகிறவர். கோடு போட்டுக்கொள்ளாமலே நேராக எழுதுவாராம். ஐம்பத்தைந்து வயதில் அவருடைய கை ஆட ஆரம்பித்தது. தூரிகையைப் பிடித்தால் நின்றுவிடும். தூரிகையை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் ஆடும். வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். யாரும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. தூக்கம் போதவில்லை, வெயிலில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று என் மாமியார் இரண்டு வருஷம் மழுப்பிக்கொண்டே இருந்தார். அவரும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒன்றும் இல்லாத மாதிரியே இருந்தார். கடைசியில் ஒரு கடைக்காரர்தான் பலகையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், எழுத்து டான்ஸ் ஆடுது?" என்று சிரித்திருக்கிறார். ஊரே தெரிந்துகொண்டு தன்னிடம் மட்டும் நடித்திருக்கிறது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து தூரிகைகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் தொடவே இல்லை. அதற்குமேல் பதினோரு வருஷம் இருந்தார். கடைசி நான்கு வருஷம் ஊசிதான் ஊட்டிவிட்டாள்.

அந்த வியாதிக்கு ஒரு பெயர் உண்டு. அவள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அப்பாவுக்கு வந்ததே" என்பார்கள், அவ்வளவுதான்.

அவர் போன மறுநாள் ஊசி என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"எனக்கும் வந்தா நீங்கதான் முதல்ல பாப்பீங்க. பாத்த அன்னைக்கே சொல்லிடணும். அப்பாகிட்ட நடிச்ச மாதிரி என்கிட்ட யாரும் நடிக்கக் கூடாது."

"சொல்றேன்."

"கோவத்துல வாய்க்கு வந்ததைச் சொல்றது கணக்கில்ல. நிதானமா சொல்லணும்."

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல."

சொல்வதற்கு அது எத்தனை சுலபமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

அதற்கப்புறம் அவள் தம்பி, என் மச்சான், எப்போது வந்தாலும் டீயைத் தம்ளர் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுப்பாள். சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகிறானா என்று பார்ப்பாள். அவனுக்கு விஷயம் தெரியாது. அக்காவுக்குத் தன்மேல் எவ்வளவு பிரியம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு சொட்டு சிந்தியதில்லை.

இனி அந்த வாரம். சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் படம். அறுநூறு பிள்ளைகள், ஆசிரியர்கள், எல்லோரும் ஒரே படத்தில். போன வருஷம் எடுத்தவர் ஓரத்தில் நின்ற பிள்ளைகளின் முகத்தையெல்லாம் தண்ணீரில் கரைத்துவிட்டார் என்று தலைமை ஆசிரியை புலம்பினார். ஓரம் வரைக்கும் ஒவ்வொரு மூக்கும் தனித்தனியாகத் தெரியும் என்று நான் மார்தட்டிவிட்டு வந்திருந்தேன். லென்ஸின் உள்ளே லேசாகப் பூஞ்சை பிடித்திருந்ததால், திங்கட்கிழமை ஊசி அதைப் பிரித்தாள். முன் கண்ணாடி தனி, பின் கண்ணாடி தனி. துடைத்து, நடுவில் அந்தப் பித்தளை வளையத்தைப் போட்டுத் திரும்ப முடுக்கினாள். அன்று மத்தியானமே சோதனைப் படம் எடுத்தோம்.

அட்டையில் ஒட்டியிருந்தது ஒரு பழைய விளம்பரப் பக்கம். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தைத்தான் எப்போதும் வைத்திருப்போம். அதன் நடுவில் ஒரு விளம்பரம்: 'மாடி வீடு வாடகைக்கு. அமைதியான தம்பதிக்கு மட்டும்.' நமக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நூறு தடவையும் அவள் சிரித்திருக்கிறாள்.

துணிக்குள் போனேன். "வந்துருச்சா?" "வந்துருச்சு." படம் எடுத்தேன். இருட்டறையில் கழுவி, ஈரத்தோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். 'தம்பதிக்கு மட்டும்' என்பது கத்தி மாதிரி இருந்தது. 'மாடி வீடு' கலங்கியிருந்தது. அட்டையில் அவள் வலது கைப் பக்கம் முழுக்க அப்படித்தான்.

"ஒரு பக்கம் போச்சு. முன் கண்ணாடி கோணலா உக்காந்திருக்கு" என்றேன்.

"என் வேலை கோணலா இருக்காது. உங்க பார்வைதான் கோணலா இருக்கும்."

"சனிக்கிழமை அறுநூறு பேரு. பாதிப் பள்ளிக்கூடத்தை மட்டும் எடுத்துக் குடுத்துட்டு வரவா?"

முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். வளையத்தை எடுத்து அளந்தாள், துடைத்தாள், மறுபடி போட்டாள். செவ்வாய்க்கிழமை மறுபடி சோதனை. மறுபடியும் அதே பக்கம் கலங்கல். அதிலும் இந்த முறை கொஞ்சம் அதிகம். இரண்டு நாள், நான்கு ஃபிலிம், மண்டை காய்ந்துவிட்டது. அப்போதுதான் நான் அந்த வார்த்தையை விட்டேன்.

"வயசாயிடுச்சு உனக்கு. கை போயிடுச்சு. ஒத்துக்கோ."

நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிற ஊசி, அன்று அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

புதன்கிழமை காலையில், அவளை நம்பிப் பயனில்லை, நானே கண்டுபிடிக்கிறேன் என்று இறங்கினேன். லென்ஸ் இருக்கிற பலகை சதுரமானது. அதை அப்படியே தலைகீழாகத் திருப்பியும் மாட்டலாம். லென்ஸ் கோணல் என்றால், லென்ஸைத் திருப்பும்போது கலங்கலும் கூடவே திரும்ப வேண்டும். இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போக வேண்டும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு. திருப்பி மாட்டினேன். அவளைக் கூப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எடுத்தேன், கழுவினேன், வெளிச்சத்தில் பிடித்தேன்.

கலங்கல் திரும்பவில்லை. 'தம்பதிக்கு மட்டும்' கத்தி. 'மாடி வீடு' கலங்கல். அதே பக்கம்.

சரி, கேமராதான் கோணல் என்று முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. பின்பக்கத்துச் சொரசொரப்பான கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஜன்னலுக்குப் போய், பூதக்கண்ணாடியை வைத்து ஃபிலிமை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். நாற்காலியின் வலது கைப்பிடியில் ஒரு ஆணி உண்டு. அதன் தலையில் இருக்கிற கீறல்வரைக்கும் தெரிந்தது. கைப்பிடியின் மர ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்கு ஒரு விரற்கடை மேலே, அதே தூரத்தில், அவள் சட்டைக் கையின் பொத்தான். அது பொத்தானாக இல்லை. இரண்டு பொத்தான் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த மாதிரி இருந்தது.

இடது கைப் பொத்தானைப் பார்த்தேன். நான்கு ஓட்டையும், நூலும் தெரிந்தன.

ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு ஜன்னலிலேயே நின்றேன். கீழே தெருவில் ஒருவர் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனார். ஏணி சைக்கிளைவிட நீளம். திருப்பத்தில் எப்படித் திரும்புவார் என்று ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்தே துணிக்குள் அந்த எழுத்துகள் லேசாக அசைந்ததை நான் பார்த்திருந்தேன். அதுவும் அவள் அட்டையைத் தூக்கிய உடனே இல்லை, தூக்கிக் கொஞ்ச நேரம் ஆனபிறகு. கீழே லாரி போகிறது, தரை அதிர்கிறது என்று நினைத்தேன். என் தலைதான் ஆடுகிறது என்று நினைத்தேன். எங்கள் தெருவில் லாரியே வராது.

"என்னாச்சு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. இன்னும் காயல."

அன்று சாயங்காலம் அவள் வேலை செய்யும் மேஜைக்கு எதிரே போய், பத்திரிகை படிப்பது போல உட்கார்ந்தேன். யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு சின்ன லென்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இடுக்கியால் வளையத்தை எடுத்தாள். கல் மாதிரி கை. வளையம் ஒரே தடவையில் உட்கார்ந்தது. எனக்கு உயிர் வந்தது. நான்தான் பைத்தியக்காரன், பொத்தானாவது மண்ணாங்கட்டியாவது என்று நினைத்தேன். அவள் இடுக்கியை வைத்துவிட்டு, எதையோ யோசித்தபடி கையை மேஜைமேல் போட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தன. இல்லாத ஒரு நூலைத் திரிப்பது போல. அவள் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காத மாதிரி இருந்தாள். அவள் அப்பாவின் விரல்கள் அப்படித்தான் திரித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குப் பக்கத்தில் டீ இருந்தது. தம்ளரில் பாதிதான். மச்சானுக்குத் தளும்பத் தளும்ப ஊற்றுகிறவள், தன் தம்ளரில் எப்போதிலிருந்து பாதி ஊற்றிக்கொள்கிறாள்? எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக அவளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன் என்று பேர். அவள் தம்ளரை ஒரு நாள் பார்த்ததில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பார்த்த அன்றைக்கே என்பதுதான் பேச்சு. வாயைத் திறந்தேன்.

"லென்ஸ்தான்" என்றேன்.

"என்ன லென்ஸ்தான்?"

"நல்லா பாத்துட்டேன். முன் கண்ணாடிதான் எங்கயோ இடிக்குது. உன் தப்பு இல்ல. லென்ஸே பழசாயிடுச்சு. விட்டுரு. சனிக்கிழமைக்கு வேற ஒண்ணு இரவல் வாங்கிக்கறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"திருப்பி மாட்டுனீங்களே, கலங்கலும் திரும்புச்சா?"

லென்ஸ் வேலை தெரிந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டால் பொய் சொல்லி ஒப்பேற்றவே முடியாது.

"திரும்புச்சு" என்றேன்.

"அந்த ஃபிலிமைக் காட்டுங்க."

"கீறல் விழுந்துருச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தச் சின்ன லென்ஸை முடித்து மூடினாள். ஃபிலிம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. குனிந்தால் மடங்கிவிடும் என்று அன்று முழுக்க விறைப்பாகவே நடந்தேன்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்பது வியாழக்கிழமைதான் முழுதாக உறைத்தது. உன் தப்பு இல்லை என்று வாயால் சொன்னாலும், அவள் கையைக் காப்பாற்றுவதற்காக அவள் வேலையைப் பழித்திருக்கிறேன். லென்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் கை கெட்டுப்போயிருக்கிறது. கை நன்றாக இருக்கிறது என்றால் லென்ஸைக் கெடுத்துவிட்டாள். இரண்டில் ஒன்றைத்தான் நான் அவளுக்குக் கொடுக்க முடியும். நடுவில் நின்று திருகித் திருகிச் சரிசெய்வதற்கு இதில் ஒரு திருகும் இல்லை.

வேறு ஊரில் இருக்கிற மகளுக்கு ஃபோன் செய்தேன். ஊசி மொட்டைமாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள்.

"படம் ஒரு பக்கம் கலங்குதும்மா" என்று ஆரம்பித்தேன்.

"கண் டாக்டரைப் பாருங்கப்பா. எத்தனை தடவை சொல்றது?"

"கண்ணு இல்லம்மா."

"அப்ப புது கேமரா வாங்குங்க. எல்லாரும் கைக்குள்ள வச்சு எடுக்கறாங்க, நீங்கதான் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணை வச்சுக்கிட்டு... அம்மா எங்க? நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா" என்றேன். முதலில் மனைவியிடம் பொய், இப்போது மகளிடம். மாமியாரை வருஷக்கணக்காக மனதுக்குள் திட்டியிருக்கிறேன், தூக்கம் போதவில்லை என்று மழுப்பினாரே என்று. இரண்டே நாளில் நான் அவரைத் தாண்டிவிட்டேன்.

இன்று சொல்லிவிடுவோம் என்று அன்று நான்கு தடவை அவளிடம் போனேன். ஒரு தடவை கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன். ஒரு தடவை மழை வரும் போலிருக்கிறது என்றேன். மூன்றாவது தடவை என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. நான்காவது தடவை மறுபடி கத்தரிக்கோல். "மொதல்ல குடுத்ததை என்ன பண்ணீங்க, தின்னுட்டீங்களா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருமுவது போல வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தபோது ஸ்டுடியோ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் அட்டை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை. துணி காயப்போடும் கிளிப்பால் நாற்காலி முதுகில் கவ்வி நிறுத்தியிருந்தாள். இருட்டறைக் கம்பியில் ஒரு ஃபிலிம் தொங்கியது. அவளே எடுத்து, அவளே கழுவியிருக்கிறாள்.

"பாருங்க" என்று பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

பார்த்தேன். 'மாடி வீடு வாடகைக்கு. அமைதியான தம்பதிக்கு மட்டும்.' முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரைக்கும் ஒரே கூர்மை. நான்கு மூலையும் அப்படியே. காகிதத்தின் நார்கூடத் தெரிந்தது. என் வாழ்க்கையில் அந்த லென்ஸில் அவ்வளவு நல்ல படம் பார்த்ததில்லை.

"லென்ஸ்ல ஏதாவது இருக்கா?"

"இந்த ஓரத்துல கொஞ்சம்..."

"எங்க? விரலை வச்சுக் காட்டுங்க."

விரலை வைக்க இடம் இல்லை. எங்கே வைத்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது.

"என் வேலைல குத்தம் இல்ல. அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள்.

"இல்ல. நீ போட்ட வளையம் சரியாத்தான் இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவள் முகத்தில் ஒரு நொடி பழைய மிடுக்கு வந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால், புருஷன்காரனை மடக்கிவிட்ட சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். முப்பது வருஷத்தில் அவளிடம் எத்தனையோ சண்டையில் தோற்றிருக்கிறேன். அந்த ஒரு சண்டையில் மட்டும் நான் ஜெயித்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அவள் கிளிப்பை எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

"போங்க. போய்ப் பாருங்க."

"எதுக்கு இப்ப? டீ போடறேன், குடிச்சிட்டு..."

"அன்னைக்குக் கை போயிடுச்சுன்னு சொன்னீங்க. அது கோவத்துல சொன்னது. கணக்குல வராது. இன்னைக்குக் கோவமில்லாம பாத்துச் சொல்லுங்க."

"ஊசி..."

"நான் எட்டு மாசமா தனியா பாத்துக்கிட்டு இருக்கேங்க. எனக்கு மட்டும் அப்படித் தெரியுதோன்னு ஒரு நப்பாசை. நீங்க சொன்னா முடிஞ்சுரும்."

எட்டு மாசம். நான் கேமராவுக்குப் பின்னால் போய்த் துணியை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒளிந்துகொள்ள எனக்கு அந்தத் துணி ஒன்றுதான் இருந்தது.

கண்ணாடியில் அவள் தலைகீழாக இருந்தாள். பூதக்கண்ணாடியை அட்டையின்மேல் வைத்தேன். 'தம்பதிக்கு மட்டும்' அசையாமல் நின்றது. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினேன். 'மாடி வீடு' முதலில் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழு வரைக்கும் அசையவில்லை. எட்டில் 'மா' மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு முழு வார்த்தையும் ஆடியது.

நான் திருகைத் திருகினேன். லென்ஸ் முன்னால் போனது. பின்னால் இழுத்தேன். மறுபடி முன்னால் தள்ளினேன். சரிசெய்ய அங்கே ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கை திருகிக்கொண்டே இருந்தது. எழுத்து மங்கியது, தெளிந்தது, மங்கியது, தெளிந்தது. தெளிந்த ஒவ்வொரு முறையும் அது ஆடுவது இன்னும் நன்றாகத் தெரிந்தது. பூதக்கண்ணாடி நனைந்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

"வந்துருச்சா?" என்று கேட்டாள்.

எப்போதும் கேட்கிற அதே குரல்தான். உதடு அசையாமல், மூச்சு சிந்தாமல். நான் திருகை ஒரு முழுச் சுற்று பின்னால் இழுத்து, அட்டை, கை, முகம் எல்லாவற்றையும் கலங்கவிட்டேன். அந்தக் கலங்கலில் எதுவும் ஆடுவது தெரியவில்லை. அப்படியே விட்டுவிடலாம் போலிருந்தது.

"என்னங்க. வந்துருச்சா?"

திருகை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். அட்டை வந்தது, விரல்கள் வந்தன, நகம் வந்தது.

"வந்துருச்சு" என்றேன்.

"சரி" என்றாள்.

அட்டையை அவள் இறக்கவில்லை. துணிக்குள்ளிருந்து எப்படி வெளியே வருவது என்று எனக்குத் தெரியவில்லை.